லூர்தம்மாள் சொல்லாமல் விட்டது

எங்கள் தெருவில் லூர்தம்மாள் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு உருகிப்போவார்கள். "அக்கா கைமணம் வேற யாருக்கு வரும்?" என்பார்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அந்தக் கைமணம் எங்கே ஒளிந்திருந்தது என்று போன டிசம்பரில் அவள் வீட்டு அடுப்படியில் நின்று என் கண்ணால் பார்த்தேன். நேரில் பார்த்தால் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், நெல் விளைந்த இடத்தில் மனை பிரித்துக் கட்டிய தெரு எங்களுடையது. ஒரு ஷிஃப்ட் பஸ் ஏறும்போது இன்னொரு ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கும். நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் இருக்கிறேன். எனக்கும் லூர்தம்மாளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் மிளகாய் வறுத்தால் என் பிள்ளைகள் தும்மும்.

அவள் இந்தப் பக்கத்துக்காரிதான். அப்பாவுக்கு இருந்த நிலம் தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கன்னியாஸ்திரி மடத்துச் சமையலறையில் எடுபிடியாக இருந்தாள். அங்கே கிறிஸ்துமஸ் கேக் செய்த வயதான சிஸ்டர், மாவு கலக்கும் நேரம் வந்தால் இவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாராம். இவள் பின்பக்க ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். இந்தக் கதையைக் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவள் சொல்லாத ஆள் இல்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சத ஒளிச்சு வெச்சுக்கறவங்க நல்லா இருப்பாங்களா சத்யா?" என்று கேட்பாள். நானும் இருக்க மாட்டார்கள் என்று தலையாட்டுவேன்.

கணவர் சின்னப்பையன் ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சாப்பாட்டு நேரம் தவிர வாயைத் திறக்காத மனுஷர். ஒரே மகள் அறிவுமதி. பள்ளிக்கூடமும் டிப்ளமோவும் ஹாஸ்டலில் முடித்தாள், அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம் ஆகிப் படப்பைக்குப் போனாள். லீவுக்கு வீட்டில் இருந்த நாளில்கூட அடுப்படிக்குள் அவளுக்கு இடம் கிடையாது. "நீ படி, நான் பாத்துக்கறேன்" என்று அம்மாக்காரி கதவைச் சாத்திக்கொள்வாள். என்ன பாசம் என்று நாங்கள் நினைத்தோம்.

கொரோனா சமயத்தில் லூர்தம்மாள் 'கைமணம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு ரெசிபி போடுவாள். மற்றவர்கள் அதை அப்படியே செய்து போட்டோ போட வேண்டும். அவள் ஒவ்வொரு போட்டோவுக்கும் தீர்ப்பு சொல்வாள். "முயற்சி நல்லா கீது, இன்னும் கை பழகணும்" என்பதுதான் அநேகமாக எல்லாருக்கும் வரும் தீர்ப்பு. அதற்கு நூறு கைகூப்பு, நூறு இதயம். நான் பத்தாவதில் கணக்குப் பரீட்சை எழுதியபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

வேறு ஊராக இருந்தால் அவள் சாயம் ஒரே மாதத்தில் வெளுத்திருக்கும். எவளாவது ஒருத்தி யூடியூப்பில் பார்த்து இரண்டு சாமானைக் கூடப் போட்டிருப்பாள். எங்கள் ஊரில் அது நடக்காது. இங்கே எல்லாரும் லைனில் வேலை செய்து வளர்ந்தவர்கள். மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்ய வேண்டும், எழுதாததைச் செய்தால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார். அந்தப் பழக்கத்தை அடுப்படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ரெசிபியில் உப்பு என்று எழுத மறந்திருந்தால் உப்பில்லாமல் சாப்பிட்டு, நம் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போகிற கூட்டம் இது. பொய் சொல்லவில்லை. இவர்களுக்கு ரெசிபி போடுவதைவிடச் சுகமான தொழில் உலகத்தில் உண்டா?

அவளுடைய பெரிய ரெசிபி கிறிஸ்துமஸ் பிளம் கேக். அவள் வீட்டுக் கேக்கை வெட்டினால் திராட்சையும் செர்ரியும் முந்திரியும் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகப் பரவியிருக்கும். மற்றவர்கள் வீட்டுக் கேக்கில் எல்லாப் பழமும் அடியில் போய்க் கும்பலாக உட்கார்ந்திருக்கும். மேலே வெறும் பன், கீழே ஜாம். வருஷம் தவறாமல் இதே கதி. "ஓவன் சூடு சரியில்ல" என்பாள் லூர்தம்மாள். உடனே ஜாஸ்மின் புது ஓவன் வாங்கினாள். ஜாஸ்மின் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள், கேக் என்றால் உயிரை விடுவாள். புது ஓவனிலும் பழம் அடியில்தான் போனது. "சூடு பாக்கற முள்ளு வெச்சுக்கினியா?" என்றாள் லூர்தம்மாள். தெருவே தெர்மாமீட்டர் வாங்கியது. அடுத்த வருஷம் கிராம் கணக்குக் காட்டும் தராசு. ஒவ்வொரு டிசம்பருக்கும் ஒரு கருவி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடியில் ஒரு ஜாம்.

குரூப்பில் வெங்கடேசன் என்று ஒரு மேதை உண்டு. உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். மூழ்கிப்போன கேக்கை அவர் சும்மா விடுவாரா? கம்பெனியில் பழுதான பாகத்துக்குச் செய்வதுபோலக் கேக்குக்கும் ஏன் ஏன் என்று கேள்வி கேட்டு எழுதினார். பழம் ஏன் இறங்கியது? மாவு சீக்கிரம் இறுகவில்லை. ஏன் இறுகவில்லை? சூடு ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? வோல்டேஜ் பத்தவில்லை. ஏன் பத்தவில்லை? தெருமுனையில் தணிகாசலத்தின் வெல்டிங் பட்டறை. முடிந்தது விசாரணை! ஏழெட்டுப் பேர் கூட்டமாகப் பட்டறைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெல்டிங் போடக் கூடாது என்று கேட்டார்கள். தணிகாசலம் முகமூடியைத் தூக்கிவிட்டு, "கேக்குக்காகவா வந்துகிறீங்க?" என்று நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். நல்ல மனுஷர், நிறுத்திவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் பழம் அடியில்தான் போனது. ரெசிபி கொடுத்தவளிடம் ஒரு ஏன் கேட்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று அடுத்த பேச்சு ஆரம்பித்தது.

காப்பிக் கதை இன்னும் கேவலம். லூர்தம்மாள் வீட்டுக் காப்பி கருங்குழம்பாக இறங்கும், பால் சேர்த்தாலும் நிறம் விடாது. "சிக்கரி ஒரு துளி ஆகாது. சுத்தமான கொட்டை, சுத்தமான மனசு" என்று குரூப்பில் போட்டிருந்தாள். சுத்தமான மனசாம்! வெங்கடேசன் அதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கையால் சுற்றும் அரைவை மெஷின் வாங்கினார். கொக்குக் கழுத்து மாதிரி நீண்ட மூக்கு வைத்த கெட்டில் வாங்கினார். நேரமும் எடையும் சேர்த்துக் காட்டும் தராசு, கண்ணாடிக் கூம்பு, காகித வடிகட்டி எல்லாம் வாங்கினார். காலையில் அவர் காப்பி போடுவதைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும். வருவதென்னவோ வெளிறின சிவப்பாக ஒரு தண்ணீர். அவர் மனைவி சசிகலா அந்தப் பக்கம் திரும்பி நின்று இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். அந்த வீட்டில் புத்தி இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அறிவுமதியின் கதை அப்படியல்ல. கல்யாணமான புதிதில் அம்மாவிடம் எல்லா ரெசிபியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மாமியார் வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்தாள். பழம் அடியில் போனது. மீன் குழம்பு வைத்தாள், மணமே இல்லை. காப்பி போட்டாள், மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை நகர்த்தி வைத்தார். மாமியார் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. ஆனால் வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "இவங்க அம்மா சமையலுக்கு ஊரே அடிமை. பொண்ணுக்குத்தான் அந்தக் கை வரல" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். கொஞ்ச நாளில் கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். அறிவுமதி வெங்காயம் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள், அடுப்புப் பக்கம் போக மாட்டாள். "எனக்கு அந்த ராசி இல்லக்கா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிற பெண், ஒரு குழம்புக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். இத்தனைக்கும் சளைக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டு, ஏன் வரவில்லை, எங்கே தப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லூர்தம்மாள் அந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தின்பண்டம் கொறித்தபடி பதில் சொல்வது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். "பழகப் பழக வரும்டி. எல்லாம் கை வாகு" என்பாள். அந்தக் குரலில் கவலையே இருக்காது. சந்தோஷம்தான் வழியும்.

போன நவம்பர் மழையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது லூர்தம்மாள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. குரூப் துடித்துப்போனது. யார் எந்த ஷிஃப்ட், யார் என்றைக்குச் சாப்பாடு அனுப்புவது என்று வெங்கடேசன் ரோஸ்டர் போட்டார். அதோடு நிற்காமல் ஒருத்தி, "அக்கா சாப்பாட்டையே அக்காவுக்குச் செஞ்சு குடுக்கலாம்" என்று எழுதினாள். எல்லாரும் கண்ணீர் பொம்மை போட்டு ஒத்துக்கொண்டார்கள். அன்று முதல் லூர்தம்மாள் போட்ட ரெசிபி எல்லாம், அவள் எழுதியபடியே, ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல், தூக்குவாளியில் அவள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

கடவுள் இருக்கிறார் என்று நான் நினைத்த வாரங்கள் அவை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்டேன். மீன் குழம்பு போனது. "இன்னாடி இது, வெந்நீர்ல மீனப் போட்டா மாதிரி கீது" என்றார் சின்னப்பையன். கறிக்கோலா உருண்டை போனது, கல்லுமாதிரி இருந்ததாம். அதிரசம் போனது, தொட்டதும் உதிர்ந்ததாம். கொண்டுவந்து கொடுத்தவர்கள் எதிரே நின்று, "அப்படியே உங்க ரெசிபிக்கா, எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்பார்கள். அவள் அத்தனையையும் மென்று முழுங்கிவிட்டு, "கை பழகிடுச்சும்மா உனக்கு" என்பாள். வேறு என்ன சொல்வாள்? குறை சொன்னால் ரெசிபியைத்தான் சொல்ல வேண்டும். வெங்கடேசன் காலையில் பிளாஸ்க்கில் தன் சிவப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்தியோடு ஊற்றுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள்.

பத்து நாள் கழித்து நான் பஸ் ஸ்டாப்பில் காப்பித்தூள் கடை ஓரமாக நின்றிருந்தேன். சின்னப்பையன் வந்து, "எப்பவும் வாங்கறதுதாம்பா. பாதிக்குப் பாதி சிக்கரி" என்றார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மடித்துக் கொடுத்தார். எப்பவும் வாங்குவதாம்! அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. காப்பியில் ஒன்றை மறைத்தவள் குழம்பில் மறைக்க மாட்டாளா, கேக்கில் மறைக்க மாட்டாளா? வெங்கடேசனின் கொக்குக் கெட்டிலை நினைத்து ரோட்டில் நின்றே சிரித்தேன். அப்புறம் அறிவுமதி ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. பெற்ற பெண்ணிடம் அப்படிச் செய்ய மாட்டாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

டிசம்பரில் அறிவுமதி லீவு போட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் மாமியார் வீட்டார் எல்லாரும் இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகப் பேச்சு. "அம்மா உக்காந்து சொல்லட்டும், நான் செய்யறேன். இந்தத் தடவையும் கேக் அடியில உக்காந்தா இனிமே அடுப்பையே தொடமாட்டேன்க்கா" என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. முட்டை அடிக்கவும் மாவு கலக்கவும் ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் நான் போய் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் லூர்தம்மாள் முகம் சுருங்கியது. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சத்யா, ஷிஃப்டுக்குப் போவல?"

"லீவுக்கா."

"வூட்ல புள்ளைங்க தனியா கீதுங்களே."

"அவங்கப்பா கீறாருக்கா."

அறிவுமதி வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்தாள். நான் முட்டையை உடைத்துக் கொடுத்தேன். கருக்கின சர்க்கரைப் பாகு சேர்ந்தது, மாவு சேர்ந்தது, வாசனை நன்றாகத்தான் வந்தது. திராட்சைச் சாற்றில் ஊறிய பழங்கள் ஒரு வடிகட்டிக் கூடையில் சொட்டிக்கொண்டிருந்தன. அறிவுமதி போனில் அம்மாவின் ரெசிபியைத் திறந்து சத்தமாகப் படித்தாள்: "பழங்களை வடித்து மாவில் சேர்க்கவும்." அடுத்த வரியில் ஓவன் சூடு. அவ்வளவுதான்.

லூர்தம்மாள் நாற்காலியில் நெளிந்தாள். "சத்யா, முந்திரி பத்தாது போலக் கீதே. கடைக்கு ஓடிப்போயி வாங்கினு வாயேன்."

"டப்பா நிறைய கீதுக்கா."

"எசன்ஸ்?"

"அதுவும் கீதும்மா, புது பாட்டில்" என்றாள் அறிவுமதி.

"அப்ப மாடியில துணி காயுது. மழ வர்றா மாதிரி கீது, போயி எடுத்துடும்மா."

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. மேடையில் சாய்ந்து நின்றுகொண்டேன். இவள் வாய் திறக்காமல் நான் இங்கிருந்து நகர மாட்டேன் என்று எனக்குள் ஒரு வீம்பு. அவள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். ஒரு பக்கம் பெண்ணின் மானம், இன்னொரு பக்கம் இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த அக்கா பட்டம். பெற்றவள் யோசிக்கிற விஷயமா இது?

அறிவுமதி கூடையை எடுக்கக் கையை நீட்டினாள். லூர்தம்மாள் சட்டென்று எழுந்தாள். இடது கையால் மைதா டப்பாவை எட்டினாள். ஒரு பிடி மாவு சரியாகப் பழத்தின் மேல் கொட்டியது. "ஐயய்யோ! கை தவறிப்போச்சுடி" என்றாள். கை தவறினவள் பதறுவாள். இவள் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

"ஏம்மா எழுந்து வர்ற? உக்காருன்னு சொன்னேன்ல?" என்று அறிவுமதி கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள்.

"இன்னா பண்ற?"

"கழுவப் போறேன்."

"மாவுதானே, இருந்துட்டுப் போவட்டும்."

"ரெசிபியில இல்லாத மாவு கூட ஒரு பிடி சேர்ந்தா எல்லாம் மாறிடும்மா. ஏற்கெனவே எனக்கு வராது." கூடை குழாய்க்குக் கீழே போனது. முதல் தண்ணீர் பழத்தின் மேல் விழுந்து வெள்ளையாக வடிந்தது.

"கழுவாதடி!" லூர்தம்மாள் கத்திய கத்தலில் சின்னப்பையன் வாசலிலிருந்து உள்ளே எட்டிப்பார்த்தார். "அந்த மாவு வேணும்! மாவுல பொரட்டிப் போட்டாத்தான் பழம் அடியில போவாது!"

அறிவுமதி குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் மூடினேன்.

"வேணும்னா ரெசிபியில ஏன் இல்ல?" என்று அறிவுமதி கேட்டாள்.

"எழுத மறந்துட்டேன்டி."

"வருஷா வருஷமா?"

கேள்வி கேட்டவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள். "குரூப்புல விட்டது சரிம்மா. அவங்க ஊரு ஜனம். எனக்குத் தனியா எழுதி அனுப்பினியே. அதுலயும் இல்ல. எனக்குமாம்மா?"

லூர்தம்மாள் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஹாஸ்டல்ல இருந்தப்ப நீ போன் பண்ணவே மாட்டே. கல்யாணத்துக்கு அப்புறம்தான் பண்ண ஆரம்பிச்சே. குழம்பு வரலன்னு பண்ணே, கேக் வரலன்னு பண்ணே. எல்லாம் நல்லா வந்திருந்தா எனக்கு நீ போன் பண்ணியிருப்பியா?"

ஒரு நொடி எனக்கும் நெஞ்சு இளகியது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் படப்பையில் சொந்தக்காரர்கள் முன்னால் தலை குனிந்து நின்றதை நினைத்தேன். இளகின நெஞ்சு மறுபடி கல்லானது. ஒரு போன் மணிக்காகப் பெற்ற பெண்ணைக் கையாலாகாதவள் என்று ஊரார் பேசவிட்ட தாய்க்கு நான் எதற்கு இரக்கப்பட வேண்டும்?

அறிவுமதி பழத்தைத் துணியில் கொட்டி ஈரம் ஒற்றினாள். மைதா டப்பாவை எடுத்தாள். "எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு பிடி."

"உன் பிடியா, என் பிடியா?"

"உன் பிடி போதும்" என்றாள் லூர்தம்மாள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேக் வெட்டினார்கள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். திராட்சையும் செர்ரியும் மேலிருந்து கீழ்வரை அழகாகப் பரவியிருந்தன. மாமியார் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, "அம்மா கை அப்படியே வந்துடுச்சே!" என்றார். "அம்மாவுக்கு மாவுக்கட்டு அத்தை. முழுக்க நான்தான் செஞ்சேன்" என்றாள் அறிவுமதி. மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன நாளா இத எங்கடி வெச்சிருந்தே?" என்று கன்னத்தைக் கிள்ளினார். அறிவுமதி சிரித்தாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

குரூப்பில் நான் நடந்ததை எழுதிப் போட்டேன். காப்பியில் இருக்கிற சிக்கரியையும் சேர்த்து எழுதினேன். என்ன நடந்தது தெரியுமா? உனக்குக் கேக் வராததற்கு அக்காவைக் குறை சொல்லாதே என்று ஜாஸ்மின் எனக்கே திருப்பினாள். லூர்தம்மாள் ஒரு குரல் பதிவு போட்டாள். "மாவுல பொரட்டறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நான் சொல்லாம வுட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க செல்லங்களா" என்று அழுதாள். நூறு இதயம். வெங்கடேசன் பழைய ரெசிபியோடு அந்த வரியைச் சேர்த்து, மேலே 'திருத்தம் ஒன்று' என்று தலைப்புப் போட்டு மறுபடி அனுப்பினார். சிக்கரி விஷயத்துக்கு அவர் பதிலே சொல்லவில்லை. அத்தனை கருவி வாங்கிய மனுஷனுக்கு அதை நம்ப மனசு வருமா?

புது வருஷம் கழிந்து அறிவுமதி படப்பைக்குக் கிளம்பினாள். லூர்தம்மாள் ஒற்றைக் கையால் ஒரு பையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். மீன் குழம்புத் தூள், காப்பித்தூள், கருக்கின பாகு ஒரு பாட்டில். அறிவுமதி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "இதுல எத வுட்டிருக்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, கடையில் தேதி பார்ப்பவள் மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். "ஒண்ணும் வுடலடி, மாதா மேல சத்தியமா" என்றாள் லூர்தம்மாள். அறிவுமதி மூடியைத் திறந்தாள், முகர்ந்தாள், நாக்கில் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் பைக்குள் வைத்தாள். மூன்று சாமானுக்கும் அப்படியே. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

இப்போது மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று. லூர்தம்மாள் மறுபடி சமைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ரெசிபி போடுகிறாள், தீர்ப்பும் சொல்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் போன் சத்தம்தான் கேட்பதில்லை. போன வாரம் நான் துணி உலர்த்தும்போது அவள் சுவரோரம் வந்து நின்றாள்.

"அறிவு உனக்கு எதுனா போன் பண்ணாளா சத்யா?"

"போட்டோ அனுப்பினாக்கா. ஈஸ்டருக்கு ஏதோ செஞ்சிருக்கா, பாருங்க."

போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். குறை சொல்ல அதில் ஒன்றும் இருந்திருக்காது. "நல்லாத்தான் வந்துகீது" என்றாள். போனைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"எதுனா சந்தேகம் கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கலக்கா" என்றேன்.